ரப்பர் மேட் வாங்கும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஐந்து கலப்பினக் கறவைகள் வைத்திருக்கிறேன். சிமென்ட் தரை, தகரக் கூரை. தினமும் 45 லிட்டர் போல சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன். மாடு சௌகரியமாக இருந்தால் பால் கூடும் என்று ரப்பர் மேட், ஃபேன், ஃபாக்கர் (தண்ணீரைப் பனிபோலத் தூவும் கருவி) எல்லாம் போடச் சொல்கிறார்கள். 60,000 ரூபாய் கடன் வாங்க வேண்டும். போட்ட காசு திரும்ப வருமா?

பதில்: ஒரு பகுதி சீக்கிரம் வரும். ஒரு பகுதி மெதுவாக வரும். ஒரு பகுதி வரவே வராது. எது எது என்று தெரிந்துகொண்டு கடனைப் பற்றி யோசியுங்கள்.

முதலில் தண்ணீர். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஒரு லிட்டர் பாலுக்கு மாடு ஏறத்தாழ 4 லிட்டர் குடிக்க வேண்டும், கோடையில் இன்னும் கூடும். நம் பக்கத்தில் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுவதோடு சரி. நடுப்பகலில் மாடு நாக்கை நீட்டி மூச்சிரைத்தாலும் கயிறு தொட்டி வரை எட்டாது. 24 மணி நேரமும் தண்ணீர் கிடைப்பதால் மாட்டுக்கு அரை லிட்டர் பால் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து மாட்டுக்கு இரண்டரை லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் மாதம் 2,600 ரூபாய் சொச்சம். ஒரு சிமென்ட் தொட்டிக்கும் ஃப்ளோட் வால்வுக்கும் ஆகும் செலவை இது சில மாதத்தில் கொடுத்துவிடும்.

போன சித்திரையில் ஒரு கொட்டகைக்குப் போயிருந்தேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மாடு வாய் வைக்கவில்லை என்று அந்த வீட்டு அம்மா வருத்தப்பட்டார். கையை விட்டுப் பார்த்தேன், வெந்நீர்! மாடியில் கறுப்பு டேங்க், அங்கிருந்து வெயிலிலேயே இறங்கும் கறுப்புக் குழாய். டேங்குக்கு மேல் கீற்றுப் போடவும் குழாயை மண்ணுக்குள் புதைக்கவும் சொன்னேன். அன்று மாலையே தொட்டியில் பாதி காலி.

அடுத்தது கயிறு. இதற்குச் செலவே கிடையாது. குட்டைக் கயிற்றில் நாள் முழுக்க நிற்கும் மாடு சினைப்பருவத்துக்கு வந்தால் உங்களுக்குத் தெரியாது. அவிழ்த்து விட்டால்தான் ஒன்றன்மேல் ஒன்று தாவும், கத்தும், மோந்து திரியும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். நாளுக்கு 150 ரூபாய் தீவனம் என்றால் 3,150 ரூபாய் சத்தமில்லாமல் போய்விட்டது. பால் கேன் இந்த நட்டத்தைக் காட்டாது, அதனால்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. காலையும் மாலையும் வெயில் இல்லாத ஒரு மணி நேரம் வேலிக்குள் அவிழ்த்து விட்டுக் கூடவே நின்று பாருங்கள்.

வெயிலுக்கு வருவோம். மதியம் இரண்டு மணிக்கு மாட்டின் விலாப்பக்கம் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் அது வெப்பத்தில் தவிக்கிறது. தீவனம் குறையும், பால் இறங்கும், கொழுப்பும் இதரச் சத்தும் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடச்சத்து) குறைந்து சங்கத்தில் விலையும் குறையும். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்வது, வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, தீவனத்தில் பெரும்பங்கை விடியற்காலையும் இரவும் போடுவது, இவற்றை முதலில் செய்யுங்கள். அப்புறம் ஃபேன். ஃபாக்கரை இப்போதைக்கு விடுங்கள். காற்று ஓடாத கொட்டகையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாக, தோல் நனையும்படி தண்ணீர் அடித்து ஃபேனைப் போட்டால் மாடு நன்றாகவே குளிரும்.

ரப்பர் மேட் நல்லதுதான். கறவை மாடு நாளில் பாதி நேரம் படுத்து அசைபோட வேண்டும். படுத்திருக்கும்போது மடிக்கு ரத்த ஓட்டமும் கூடுகிறது. உங்கள் மாடுகளின் முன்னங்கால் முட்டியைத் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் தடித்திருந்தாலோ, உட்காரலாமா என்று குனிந்து மறுபடி நிமிர்ந்துகொண்டாலோ, தரை அதற்கு வலிக்கிறது. அந்த மாட்டுக்கு முதலில் ஒரு மேட் வாங்குங்கள், ஐந்துக்கும் ஒரே நாளில் வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: ரப்பர் மேட்டுக்கு அடியில் மூத்திரம் தேங்கினால் மடிநோய்க்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். மூத்திரம் வடிந்தோடத் தரைக்கு வாட்டம் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பத்து லிட்டர் மாட்டுக்கு மடிநோய் வந்து, ஊசி போட்ட நாளும் மருந்து பாலில் இருக்கும் நாளும் சேர்த்து ஒரு வாரப் பாலைக் கொட்டினால் 2,450 ரூபாய். வைத்தியச் செலவு தனி. ஒரு காம்பு அடைத்துப் போனால் அடுத்த ஈற்றிலும் நட்டம்தான்.

திரும்ப வராத செலவும் உண்டு. சங்கம் கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும் காசு கொடுக்கிறது, மாடு நிம்மதியாக இருந்ததற்குக் கொடுப்பதில்லை. வற்றிய கிழட்டு மாட்டின் குளம்புப் புண்ணுக்குப் பார்க்கும் வைத்தியமும், காளைக் கன்றுக்கு வயிறு நிறையக் கொடுக்கும் பாலும் லாபக் கணக்கில் வராது. அதை எல்லாம் பால் கூடும் என்று சொல்லி உங்களிடம் விற்பது தப்பு. அவற்றைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வட்டிக்கு வாங்கிய பணத்தில் அல்ல, தண்ணீரிலும் கயிற்றிலும் மிச்சமானதிலிருந்து.

இன்றைக்கே சங்கத்துச் சீட்டை எடுத்துவைத்து லிட்டர், கொழுப்பு, இதரச் சத்து மூன்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இந்த வாரம் தொட்டி, அடுத்த மாதம் கூரை. ஒவ்வொன்றுக்கும் 30 நாள் விட்டு எண்ணைப் பாருங்கள், பருவநிலை மாறியதையும் மனதில் வையுங்கள். கடன் வேண்டுமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.