பயிரிலேயே ஆன்டிஆக்ஸிடன்ட்டைக் கூட்ட முடியுமா? அதைச் சாப்பிட்டால் பலன் உண்டா?

முடியும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது உடல் செல்கள் சேதமாகாமல் காக்க உதவும் பொருள்; அதைப் பயிரில் கூட்டி ஏற்கெனவே செய்தும் காட்டிவிட்டார்கள். நான் எப்போதும் சொல்லும் உதாரணம் தக்காளி, ஏனென்றால் அதில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நாவல் பழத்துக்குக் கருநிறம் தரும் அந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் தக்காளிச் செடியின் தண்டிலும் உண்டு, பழத்தில்தான் உருவாவதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், காட்டுத் தக்காளிகளின் குணத்தைக் கலப்பினத்தில் கொண்டுவந்து 2012-இல் 'இண்டிகோ ரோஸ்' ரகத்தை வெளியிட்டது. மாடியில் வளர்த்திருக்கிறேன். வெயில் படும் பக்கம் கத்தரிக்காய் நிறம்; இலை மறைத்த இடம் பச்சை, பழுத்தால் சிவப்பு. காம்பை ஒட்டிய பச்சை இதழ்களைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நட்சத்திர வடிவில் நிறமேறாத தடம். அறுத்தால் உள்ளே சாதாரணத் தக்காளிதான். தோலை உரித்துச் சமைப்பவருக்கு அந்தச் சத்தில் ஒன்றும் மிஞ்சாது.

இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழு வேறு வழியில் போனது. ஸ்னாப்டிராகன் பூச்செடியின் இரண்டு மரபணுக்களைத் தக்காளியில் சேர்த்ததும் சதை முழுக்க ஊதாவாகிவிட்டது. 2008-இல் வந்த அவர்கள் ஆய்வில், எளிதில் புற்றுநோய் வரும் எலிகள் வழக்கமான தீவனத்தில் சராசரியாக 142 நாள் வாழ்ந்தன; ஊதாத் தக்காளிப் பொடி கலந்த தீவனத்தில் 182 நாள். 2024 முதல் அமெரிக்க வீட்டுத் தோட்டக்காரர்கள் இந்த விதையை வாங்கலாம்.

எலிக்கு ஆனது நமக்கும் ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம், 'சத்து நல்லது என்றால் மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமே' என்றும் தயவுசெய்து போய்விடாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. காயாகச் சாப்பிடும்போது நார்ச்சத்தும் மற்றதும் சேர்ந்தே போகிறது, அளவும் தானாகவே கட்டுக்குள் இருக்கிறது. இந்த ஆராய்ச்சிகளை நான் மதிப்பது அதற்காகத்தான்.

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது? திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 'பூ கிருஷ்ணா' என்ற ஊதாச் சர்க்கரைவள்ளியைக் கொடுத்திருக்கிறது. 100 கிராம் கிழங்கில் 90 மில்லிகிராம் அந்தோசயனின், அதுவும் சதையிலேயே. மரபணு மாற்றப் பயிரும் இல்லை. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் தண்ணீரில் முக்கி வேகவைத்தால் நிறம் தண்ணீரில் இறங்கிவிடும். தோலைச் சீவாமல் இட்லிப் பானையில் ஆவியில் அவித்துச் சாப்பிடுங்கள்.