முன்னறிவிப்பில்லாத மின்தடைக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. நாளிதழில் அறிவிப்பு இல்லை. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வரவில்லை. மாலை நாலரைக்குத்தான் மின்சாரம் வந்தது. மூச்சுத்திணறல் உள்ள என் மாமனாருக்கு வீட்டில் நெபுலைசர் வைக்க முடியாமல், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மின் அலுவலகத்தில் கேட்டதற்கு, "லைன்ல வேலை நடந்துச்சும்மா" என்றார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?
- பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகி, தமிழ்நாடு

பதில்: கேட்கலாம் சகோதரி, கேட்கவும் வேண்டும். அலுவலகத்தில் சொன்ன அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. புயலில் மரம் விழுந்தோ மின்மாற்றி பழுதாகியோ மின்சாரம் நிற்பது வேறு. பணிக்காகத் திட்டமிட்டு நிறுத்துவது வேறு. முதலாவதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டாவதை முந்தைய நாளே சொல்லியிருக்க முடியும்.

2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு அறிவித்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. திட்டமிட்ட மின்தடையை நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்பாராத பழுதாக இருந்தாலும், மின்சாரம் எப்போது திரும்பும் என்ற உத்தேச நேரத்தோடு உடனே குறுஞ்செய்தியோ வேறு மின்னணுத் தகவலோ அனுப்ப வேண்டும். ஆகவே, "திடீர் பழுது" என்று நாளை பேச்சை மாற்றினாலும், உங்களுக்கு ஒரு தகவலும் வராதது குறையாகவே நிற்கும்.

இழப்பீட்டுக்கான அடிப்படை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. சேவைத் தரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கிறது. அதிலிருந்து தவறும் மின் விநியோக நிறுவனம், ஆணையம் நிர்ணயிக்கும் இழப்பீட்டை, நிர்ணயித்த 90 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004ஆம் ஆண்டிலேயே இதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்துவிட்டது. தொகை பெரிதாக இராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாரும் கேட்காததாலேயே இந்த விதி ஏட்டில் கிடக்கிறது என்பது என் வருத்தம்.

சான்றுக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். கம்பத்தில் ஏறும் ஊழியர், துணை மின் நிலையத்தில் எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். எந்த ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து உங்கள் பகுதிக்கு வரும் மின்பாதை), எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது, யார் கேட்டு நிறுத்தப்பட்டது, எப்போது திரும்பக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அங்குள்ள பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்த நாளுக்குரிய பக்கத்தின் நகலை, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்.சி. பதிவாகியிருந்தால், அது திடீர்ப் பழுது என்று சொல்வது எளிதாக இராது.

பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு, மின் இணைப்பு எண், தேதி, நின்ற நேரம், வந்த நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது கணக்கில் வராது. தீர்வு கிடைக்காவிட்டால், உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தையும், அதன் பிறகு சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். இரண்டுமே மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தந்த அமைப்புகள். வழக்கறிஞர் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை.

மருத்துவமனைச் செலவை இதோடு கலக்காதீர்கள். மேலே சொன்ன இழப்பீடு சேவைத் தரம் தவறியதற்கானது. உங்கள் கையிலிருந்து போன பணத்தை அது ஈடுசெய்யாது. மின் விநியோகமும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்றே சேர்க்கப்பட்டிருப்பதால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் செய்யலாம். சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். மின்தடைதான் அந்தச் செலவுக்குக் காரணம் என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். மாமனாருக்கு வீட்டிலேயே நெபுலைசர் வைக்கும்படி எழுதிக் கொடுத்த பழைய மருத்துவச் சீட்டையும், அன்றைய மருத்துவமனை ரசீதையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். ரசீதில் நேரம் அச்சாகியிருந்தால் மிகவும் நல்லது.