குளிருக்கு ஸ்லீப்பிங் பேக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமயமலை சீசன் நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்லீப்பிங் பேக் பற்றியே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்று சொல்லுங்கள் சார், அவசரம். (மாரத்தஹள்ளி)

எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு உயரம், டென்டா ஹோம்ஸ்டேயா, ஒன்றையும் எழுதவில்லை. குடகுக்கும் லடாக்கின் ஸான்ஸ்காருக்கும் ஒரே பையை நான் எப்படிச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: டிசம்பர் கடைசியில் நானும் மனைவியும் உத்தராகண்டின் கேதார்கந்தா மலைக்குப் போகிறோம். ராத்திரி மைனஸ் 8 வரை இறங்கலாம் என்கிறார்கள். ஆன்லைனில் மைனஸ் 10 என்று போட்ட பை 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு வாங்கிவிட்டேன். போதும்தானே? (ஒயிட்ஃபீல்ட்)

போதாது. வாங்கிய பிறகு கேட்பதில் என்ன பிரயோஜனம் என்றும் தெரியவில்லை. திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள்.

பையின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைப் போல ஆளை ஏமாற்றுவது இந்தத் தொழிலில் வேறு எதுவும் இல்லை. முறையாகச் சோதித்த பைக்கு மூன்று எண்கள் உண்டு: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். 2002-இல் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்று வந்த தரம் 2016-இல் ஐஎஸ்ஓ 23537 ஆனது. சூடேற்றிய பொம்மை ஒன்றுக்கு உள்ளாடையும் நீளக் காலுறையும் மாட்டி, மேட் மேல் கிடத்தி, குளிர் அறையில் அளப்பார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் கை காலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கும் அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிரோடு கிடப்பதற்கான கணக்கு. அதிலும் உடல் சூடு அபாயகரமாக இறங்கலாம். அங்கே தூக்கம் என்ற பேச்சே கிடையாது.

கம்ஃபர்ட் 0 உள்ள பைக்கு லிமிட் மைனஸ் 5 இருக்கும், எக்ஸ்ட்ரீம் மைனஸ் 20 பக்கம் போகும். அந்த மைனஸ் 20-ஐப் பெரிதாகப் போட்டு விற்பதற்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் பையில் மூன்று எண்களும் இருக்கின்றனவா? ஒரே ஓர் எண், தரத்தின் பெயரும் இல்லை என்றால், அது யாரோ மனம் போன போக்கில் எழுதியது. இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் சிந்தெடிக் பை பெரும்பாலும் 5 அல்லது 10 டிகிரிக்கு மேல்தான் சுகமாக இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பனிமேல் விரித்தால் விடியும்வரை இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் மனைவிக்குக் கம்ஃபர்ட் எண்ணே மைனஸ் 8-ஐத் தொட வேண்டும். நீங்களும் அதையே பாருங்கள். லிமிட்டை நம்பிப் போன ஆண்கள்தான் காலையில் முதலில் டீக்கடையைத் தேடுகிறார்கள். ஒரு தடவைப் பயணத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க மனமில்லையா? வாடகைக்கு எடுங்கள். கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

கே: ஜனவரியில் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தேன், வியர்த்துவிட்டது. பை தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (ராமமூர்த்தி நகர்)

பெங்களூரில் ஜனவரி இரவு 15 டிகிரி. அந்தக் குளிரில் பெட்ஷீட் கூடத் தேறிவிடும். ஜிப் சிக்குகிறதா, தோள் இடிக்கிறதா என்று பார்க்க மொட்டை மாடி நல்ல இடம், அவ்வளவுதான்.

கே: கம்ஃபர்ட் மைனஸ் 5 பைதான் வைத்திருந்தேன், 0 டிகிரியிலேயே முதுகு உறைந்தது. பை போலியா? (கோரமங்களா)

மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! உடம்பு அழுத்தும் இடத்தில் பையின் பஞ்சு தட்டையாகிவிடும், அங்கே காற்று நிற்காது, தரை சூட்டை உறிஞ்சிவிடும். சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல மேட்டுக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு. சாதாரண ஃபோம் மேட் 2 பக்கம் வரும். பனிமேல் படுக்க 4, 5 வேண்டும். ஃபோம் மேல் காற்று மேட் போட்டால் இரண்டின் எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். எத்தனை முறை எழுதினாலும் மறுபடி எழுதுகிறேன்: காசு கையில் குறைவாக இருந்தால் முதலில் மேட்டை வாங்குங்கள்.

கே: டவுனா, சிந்தெடிக்கா? (ஜெயநகர்)

தூக்கிச் சுமப்பது நீங்கள், குளிர் உலர்ந்த குளிர் என்றால் டவுன், அதாவது வாத்தின் மென்தூவி. அதே சூட்டுக்கு எடை குறைவு, சின்னதாகச் சுருங்கும். 600-க்கு மேல் ஃபில் பவர் (டவுன் எவ்வளவு உப்பும் என்ற அளவு) இருந்தால் போதும், 800-ஐத் தேடி ஓட வேண்டாம். மழைக்காலம், ஈர டென்ட், அடிக்கடி துவைக்கும் பழக்கம் என்றால் சிந்தெடிக். நனைந்த டவுன் உப்பாது, உப்பாவிட்டால் சூடும் கிடையாது.

கே: தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு தூங்கலாமா? (அல்சூர்)

கூடாது. மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கும். ஹூடை இறுக்கி, மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். தலைக்குக் கம்பளிக் குல்லா.

கே: லடாக் போய்வந்த டவுன் பையை அதன் சின்ன உறையிலேயே திணித்து லாஃப்டில் வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. இப்போது தட்டையாகி நாற்றமடிக்கிறது. டிரை கிளீனிங் கொடுக்கலாமா? (இந்திராநகர்)

கொடுக்காதீர்கள். அந்த ரசாயனம் டவுனில் இயற்கையாக இருக்கும் எண்ணெயை எடுத்துவிடும். டவுனுக்கென்று விற்கும் சோப்பு, முன்பக்கம் திறக்கும் மெஷின், மென்மையான சுழற்சி. துணியை மென்மையாக்கும் ஃபேப்ரிக் சாஃப்டனர் ஒரு சொட்டும் வேண்டாம். துவைப்பது சுலபம், காயவைப்பதுதான் பாடு. குறைந்த சூட்டில் டிரையரில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு மணிக்கணக்கில் ஓட்டினால் கட்டிகள் உடையும். கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. பூஞ்சை பிடித்திருந்தால் நாற்றம் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இனிமேல் பெரிய காட்டன் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள், அல்லது அலமாரியில் தொங்கவிடுங்கள். உறை பயணத்துக்கு மட்டும்.

கே: இருக்கிற உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால்? (பானஸ்வாடி)

உலர்ந்த தெர்மல், உலர்ந்த சாக்ஸ், குல்லா. ஜாக்கெட் போட்டால் பை இறுகி அதன் பஞ்சு நசுங்குகிறதா என்று பாருங்கள். நசுங்கினால் கழற்றி மேலே போர்த்துங்கள். நடந்து வியர்த்த சட்டையோடு மட்டும் படுக்காதீர்கள்.

கே: கேதார்கந்தா ஏறத் தொடங்கும் சாங்க்ரியில் வாடகைப் பை கிடைக்கும் என்கிறார்கள். நம்பலாமா? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

பார்த்து எடுத்தால் நம்பலாம். ராத்திரி அவசரத்தில் வாங்காதீர்கள், வெளிச்சத்தில் போங்கள். பிரித்து உதறி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், உப்ப வேண்டும். ஜிப்பை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டுங்கள். கால் பக்கம் கையை விட்டு ஈரம் தேடுங்கள். லேபிளில் கம்ஃபர்ட் எண்ணைப் படியுங்கள், லேபிள் கிழிந்திருந்தால் வேறு பை கேளுங்கள். லைனர் (பைக்குள் போடும் மெல்லிய துணி உறை) மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அது இரண்டு மூன்று டிகிரி கூட்டும், பிறர் வியர்வையையும் தள்ளி நிறுத்தும். நான்கைந்து பைகளைப் பிரித்துப் போட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.