அழுகிற இடத்தில் நோட்டை மூடுங்கள்

கேள்வி: சினிமாவை ஒரு கலையாகப் படிக்கச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது எந்தப் படத்தையும் ரசிக்க முடியவில்லை. கேமரா எங்கே இருக்கிறது, எங்கே கட் ஆகிறது என்றே மனசு ஓடுகிறது. அழ வேண்டிய இடத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். படிப்பை விட்டுவிடலாமா? — பெயர் வேண்டாம்

பதில்: விட வேண்டாம். ஆரம்பத்தில் இப்படிக் கசக்கத்தான் செய்யும். உங்களிடம் இருப்பது வரிசைக் கோளாறு, அவ்வளவுதான். முதல் தடவை நோட்டை மூடி வைத்துவிட்டுப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். எங்கே அழுதோம் என்று தேடிப் போவது இரண்டாம் தடவைக்கான வேலை.

1948இல் வந்த இத்தாலியப் படம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. சைக்கிள் திருடிப் பிடிபட்ட அப்பா, மகன் கண்ணெதிரே அவமானப்பட்டு நடக்கிறார். ஒரு வார்த்தை பேச்சில்லை. பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். கடைசி ஷாட்டில் கேமரா பின்னாலேயே நின்றுவிடுகிறது. இருவரும் முதுகைக் காட்டியபடி கூட்டத்தில் கலந்து மறைகிறார்கள். முகத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம் அழ வைத்திருக்கலாம். இயக்குநர் டி சிகா அதைச் செய்யவில்லை. ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு இரண்டாம் தடவைதான் தொண்டை அதிகமாக அடைக்கிறது.

சோவியத் ரஷ்யாவில் சினிமா கற்றுக்கொடுத்த இயக்குநர் குலெஷோவின் மாணவர்களுக்குப் படம் எடுக்கப் போதிய பிலிம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே எடுத்த படங்களை வெட்டி ஒட்டித்தான் எடிட்டிங் பழகினார்கள். சலனமில்லாத ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடு சேர்த்தால் பசியாகவும், சவப்பெட்டியோடு சேர்த்தால் துக்கமாகவும் தெரிந்ததாம். நடிகர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஷாட்டுக்கு நடுவே இருந்த துக்கம் பார்த்தவருடையது. ஆக, நீங்கள் கட் ஆகிற இடத்தைக் கவனிப்பதால் உணர்ச்சி செத்துவிடாது, அது பிறக்கிற இடமே அதுதான்.

பாடப் பட்டியலில் இருக்கிற நூறு படத்தையும் ஒரே மூச்சில் முடிக்கிற வெறி இருந்தால் அதைக் குறையுங்கள். ஒரே படத்தை மூன்று முறை பாருங்கள், ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு. பிறகு போனில் ஐம்பது விநாடி, கட் இல்லாமல், கேமராவை அசைக்காமல் ஒரு ஷாட் எடுங்கள். 1895இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களுக்கு ஒரு படச்சுருளில் கிடைத்தது கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருகிற அவர்களுடைய படத்துக்கே மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ரீடேக் அப்போதே வந்துவிட்டது! உங்களுக்கும் முதல் ஷாட் சரியாக வராது. மறுபடி எடுங்கள்.