கல்லூரிகளும் உள்ளூர்த் தொழிற்சாலைகளும் போடும் ஒப்பந்தங்களால் உண்மையில் பயன் உண்டா? சென்னையில் எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்து ஆட்களும் அடிக்கடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்த இடங்களில் நடந்திருக்கிறது. விழா வைத்து, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்ததோடு நின்ற இடங்களில் நடக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில், அதாவது உலோகத்தைக் கடைந்து உதிரிபாகம் செய்யும் பட்டறையில், வேலை பார்க்கிறேன். இது எங்களுக்குச் சோறு போடும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அடையாறு. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., 1948-இல் தொடங்கியது. பக்கத்திலேயே ஏ.சி. டெக்., அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே தோல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு சி.எல்.ஆர்.ஐ. விஞ்ஞானிகளே பாடம் எடுக்கிறார்கள். படித்து முடித்தவர்களில் பலர் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆலைகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று யோசிக்கவே வேண்டாம். பாடம் எடுத்த வாத்தியார்தான் அந்தச் சிக்கலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார்.

இதன் அருமை நெருக்கடியில்தான் தெரிந்தது. வேலூர் பக்கத்து ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. கழிவைச் சுத்திகரிக்காவிட்டால் ஆலையை மூடு என்ற நிலை. வழக்கமான குரோம் பதனிடலில், அதாவது குரோமியம் உப்பால் தோலைப் பதப்படுத்துவதில், போடுகிற குரோமியம் முழுவதையும் தோல் குடிப்பதில்லை. கணிசமான பங்கு தண்ணீரோடு வெளியே போய்விடும். குரோம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத ஒரு முறையை சி.எல்.ஆர்.ஐ. பிற்பாடு உருவாக்கியது. ஆராய்ச்சிக் கூடத்தில் இப்படி ஒன்றைச் செய்து காட்டிவிடலாம். ஆலை முதலாளி தன் டிரம்மில் தன் தோலைப் போட்டுச் சோதிக்கச் சம்மதிக்க வேண்டுமே! பல வருடப் பழக்கம் இல்லாமல் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாலாற்றின் துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த உறவும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது தரமணியில் 2010-இல் வந்த ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உருவாக்கியது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கட்டடம் இல்லை, ஒரு விதி. உள்ளே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து வேலை செய்து ‘கிரெடிட்’ சேர்க்க வேண்டும். மாணவருக்கு இன்டர்ன்ஷிப் கொடுத்தால், பேராசிரியரை ஆலோசகராக வைத்தால், கூட்டு ஆராய்ச்சி நடத்தினால் கிரெடிட் ஏறும். நல்லெண்ணத்தை நம்பாமல், பழகியே தீரவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். அக்னிகுல் கம்பெனி ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்து, ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அதைவிட நெருக்கமானது ‘அரைஸ்’ சக்கர நாற்காலி. உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம். ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழு வடிவமைத்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து 2019-இல் வெளியானது. வரைபடத்தில் இருப்பதை நியாயமான விலையில், திரும்பத் திரும்ப ஒரே தரத்தில் செய்வது தனி வித்தை. அது தயாரிப்பவரின் தளத்தில்தான் இருக்கிறது.

சரி, எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகள்? இங்கேதான் வருத்தம். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் ஐந்தாறு மெஷின் வைத்திருப்பவருக்கு ஆராய்ச்சிப் பூங்கா எட்டாத உயரம். எங்கள் வாசலுக்கு வரும் மாணவர்களில் பலர் கேட்பது ஒரு லெட்டர்: “சார், புராஜெக்ட் இங்க பண்ணினோம்னு எழுதிக் கொடுத்தா போதும்.” அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. கடைசி செமஸ்டரில் கிடைக்கும் சில மாதத்துக்குள் மெஷினின் சத்தம் பழகவே நேரம் போய்விடும். எங்கள் தலைவலியோ குறுக்குத் துளையின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறு, சீக்கிரம் தேயும் டூல் போன்றவை. இதைத் தீர்த்துக் கொடுக்கும் பேராசிரியருக்குப் பதவி உயர்வில் என்ன மதிப்பெண் கிடைக்கும்? கட்டுரைக்குக் கிடைப்பது இதற்கும் கிடைக்க வேண்டும்.

உங்களுக்கு யூனிட் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். பக்கத்துக் கல்லூரியின் துறைத் தலைவரை ஜூலையிலேயே பாருங்கள். ஜனவரியில் போனால் தலைப்புகள் முடிவாகியிருக்கும். “ஏதாவது புதுசா பண்ணுங்க” என்று சொல்லாமல், ரிஜெக்ட் ஆன பீஸ்களை ஒரு டப்பாவில் போட்டு, அளவு எடுத்த தாளோடு கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். எம்.இ. மாணவர் ஒருவரை வருடம் முழுக்கக் கேளுங்கள். மாதம் ஒரு தொகை கொடுங்கள், பஸ் காசாவது மிஞ்சட்டும். உங்கள் மூத்த ஆபரேட்டரிடம் அவரை ஒப்படையுங்கள், ஆபரேட்டரையும் ஒரு நாள் கல்லூரி லேப்புக்கு அனுப்புங்கள். கஸ்டமர் டிராயிங்கை வெளியே காட்டக்கூடாது என்றால் பெயரையும் பார்ட் நம்பரையும் எடுத்துவிட்டு, சிக்கலான இடத்தை மட்டும் வரைந்து கொடுங்கள். காப்புரிமை யாருக்கு என்பதை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.