லாரா குரோஃப்ட் எப்போது மாறினாள்? சுங்கை சிப்புட் ஆட்டக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கைப்பேசியும் கேம் மெஷினும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். சாமானைக் கொடுக்க வருகிறவர்களில் பலர் அப்படியே நின்று டூம் ரைடர் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். லாரா குரோஃப்ட் என்ற பெண் பழங்காலக் கல்லறைகளைத் தேடிப் போகிற வீடியோ கேம் தொடர் அது, 1996-இல் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. எல்லாப் பாகத்தையும் ஆடியவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சும் இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பாகங்களின் கதை முடிவு இதில் வெளிப்பட்டுவிடும். அது வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவர்: அண்ணே, முதல் மூன்று பாகங்களைப் புதுப்பித்து 2024-இல் விட்டார்களே, வாங்கினேன். லாராவைத் திருப்பவே முடியவில்லை. சுவரில் முட்டுகிறாள், பள்ளத்தில் விழுகிறாள். இதையா எல்லாரும் புகழ்ந்தீர்கள்?

தம்பி, அந்த ஆட்டத்தின் தரையை முதலில் பாருங்கள். இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் இருந்த கோர் டிசைன் என்ற சின்ன நிறுவனம் செய்தது அது. முழு உலகமும் சதுரக் கட்டங்களால் ஆனது. செம்பனை நட்ட நிரை மாதிரி எல்லாம் அளவு வைத்துப் போட்டிருப்பார்கள். லாராவின் குதியும் அதே அளவில்தான். நின்ற இடத்திலிருந்து குதித்தால் ஒரு கட்ட இடைவெளியைத் தாண்டுவாள். ஓடிக் குதித்தால் இரண்டு. ஓடிக் குதித்துக் கையால் விளிம்பைப் பிடித்தால் மூன்று. இதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

அதனால் அவசரப்படவே கூடாது. நடக்கிற பட்டனை, பிளேஸ்டேஷனில் ஆர்1, அழுத்திக்கொண்டே விளிம்புவரை போங்கள். அந்தப் பட்டன் கையில் இருக்கும்வரை அவள் கீழே விழ மாட்டாள். அங்கே நின்று ஒரே ஒரு தடவை பின்னால் துள்ள வையுங்கள். சரியாக ஒரு கட்டம் பின்வாங்குவாள். ஓட்டத்துக்குத் தேவையான தூரம் அதுதான். இப்போது முன்னால் ஓடவிட்டு உடனே குதி பட்டனையும் அழுத்திப் பிடித்தால், விளிம்பு வந்ததும் அவளே குதிப்பாள். ஒரு வாரம் இப்படி ஆடினால், ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததுமே எந்தத் தூண் எட்டும், எது எட்டாது என்று கண் சொல்லிவிடும்.

புதுப்பித்த பதிப்பில் நவீன கன்ட்ரோலும் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் திரும்புவது சுலபம். ஆனால் அந்தப் பின்துள்ளல் கைக்கு லேசில் வராது, குதியின் கணக்கும் நழுவிப்போகும். பழைய கன்ட்ரோலிலேயே ஆடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதே மாணவர்: சரி, அப்படியானால் மாற்றம் எங்கேதான் வந்தது? படம் அழகானது மட்டும்தானா?

படம் அழகானதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஒரே இடத்தை இரண்டு தடவை செய்திருக்கிறார்கள், அதை வைத்துச் சொல்கிறேன். முதல் பாகத்தில் பெருவில் ஒரு மறைந்த பள்ளத்தாக்கு வரும். சின்ன டைனோசர்கள் இரண்டு மூன்றைச் சுட்டு முடித்திருப்பீர்கள். அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து டி-ரெக்ஸ் நடந்து வரும். முன்னறிவிப்புக் காட்சி கிடையாது. கேமரா திரும்பாது, யாரும் கத்த மாட்டார்கள். அது கடித்தால் ஒரே கடி. ஓடி ஒளிவதா, நின்று சுடுவதா என்பது உங்கள் பாடு.

2007-இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் அதே கதையை 'ஆனிவர்சரி' என்று மறுபடி செய்தது. அதே பள்ளத்தாக்கு, அதே டி-ரெக்ஸ். இந்தத் தடவை அதன் வருகையைக் காட்ட ஒரு காட்சி வரும். அது பாய்கிற நேரத்தில் உலகமே மெதுவாகும். சரியான கணத்தில் விலகி அதை முட்ட விட வேண்டும். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டிய நேரத்தை இப்போது ஆட்டமே தீர்மானித்துவிடுகிறது. 1996-இல் அது ஆடுகிறவன் கையில் இருந்தது. இந்தத் தொடரின் முப்பது வருஷக் கதையை என்னைக் கேட்டால் இந்த ஒரு டைனோசரை வைத்தே சொல்லிவிடுவேன்.

சாலாக்கிலிருந்து ஒரு அண்ணன்: நாலாவது பாகத்தின் கடைசியில் லாரா செத்துப்போனாளே, ஏன் அப்படிச் செய்தார்கள்?

களைப்புதான், அண்ணே. 1996-இல் ஒன்று, 97-இல் ஒன்று, 98-இல் ஒன்று, 99-இல் ஒன்று என்று வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்துக்கு ஒரு பாகம் வெளியாக வேண்டும். வெளியீட்டாளரான ஐடோஸுக்கு அது பணம் காய்க்கிற மரம். 1997-இல் சோனியோடு ஒப்பந்தம் ஆனதால், வீட்டு மெஷின்களில் சில வருஷம் பிளேஸ்டேஷனுக்கு மட்டும்தான் லாரா. நம் பக்கத்தில் அவளைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியில் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தை ஓட்டுகிற ஒரே என்ஜின் மென்பொருளைத் திருப்பித் திருப்பிப் பிழிந்து அந்தக் குழு ஓய்ந்துபோயிருந்தது. அதனால் 'த லாஸ்ட் ரெவலேஷன்' முடிவில் எகிப்தில் கோயில் இடிந்து விழ, லாராவை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் வியாபாரம் விடவில்லை. 2000-இல் 'குரோனிக்கிள்ஸ்' வந்தது. துக்கத்துக்கு வந்த நண்பர்கள் உட்கார்ந்து அவளுடைய பழைய கதைகளைப் பேசிக்கொள்வதுதான் அந்தப் பாகம் முழுக்க. செத்தவளை வைத்தும் ஒரு ஆட்டம்.

லிந்தாங்கிலிருந்து: 'ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்' அவ்வளவு மோசமா?

2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பாதி வெந்த நிலையில் இறக்கிவிட்டார்கள். லாரா ஒரு கதவைத் திறக்க முயல்வாள், பலம் போதாது. போய் வேறெங்கோ ஒரு பெட்டியைத் தள்ளினால் "இப்போது பலம் கூடிவிட்டது" என்பாள், கதவு திறந்துவிடும். பாரிஸ் தெருவில் மனிதர்களோடு பேசலாம், பதிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நல்ல யோசனைகளும் அதில் இருந்தன. எதுவும் முழுதாக முளைக்கவில்லை. அத்தோடு தொடரை கோர் டிசைனிடமிருந்து எடுத்து, அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸிடம் கொடுத்துவிட்டது ஐடோஸ்.

அதன் இசைக்காக மட்டும் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: என் மகன் மூன்றாம் பாகம் ஆடுகிறான். ஆறு கையோடு சிவன் சிலை உயிர்பெற்று வாளோடு வந்து சண்டை போடுகிறது. அவனுக்குச் சிரிப்பு, எனக்குச் சங்கடம். இதையெல்லாம் இப்போது மாற்றிவிட்டார்களா?

டீச்சர், உங்கள் சங்கடம் நியாயமானதுதான். 1998-இல் வந்த அந்தப் பாகம் இந்தியாவில்தான் தொடங்குகிறது. காடு, பாழடைந்த கோயில், கங்கை நதி, கடைசியில் காளியன் குகை. கண்ணன் அடக்கிய காளியன் பெயரைக் குகைக்கு வைத்தார்கள். உள்ளே போனால் நாகங்கள் உண்டு, காளியன் இல்லை. சக்தி தலைக்கேறிய ஒரு வெள்ளைக்காரன்தான் இருக்கிறான். அந்தக் காலத்து ஆட்டங்களுக்குச் சாமி என்றால் நகரும் சிலை, கோயில் என்றால் பொறி வைத்த கட்டடம். அங்கே கும்பிடுகிற மனிதர்கள் இருப்பார்கள் என்ற நினைப்பே கிடையாது.

2008-இல் வந்த 'அண்டர்வேர்ல்ட்' தாய்லாந்துக் கடற்கரைக்குப் போகிறது. நமக்கு அடுத்த வீடு. அங்கே கண்டுபிடிக்கிற இடத்தின் பெயர் போகவதி. நம் புராணத்தில் நாகர்களின் பாதாள நகரம் அது. இந்தத் தடவை யாரோ படித்துவிட்டுச் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

2018-இன் 'ஷேடோ' இன்னும் ஒரு படி மேலே. மெக்சிகோவில் லாரா ஒரு கத்தியை எடுத்த பிறகுதான் ஊரையே வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. எடுத்தது சரியா என்று ஆட்டமே அவளைக் கேட்கிறது. ஒரு செட்டிங் போட்டால் ஊர் மக்கள் மாயா, கெச்சுவா என்று தங்கள் சொந்த மொழியில் பேசுவார்கள். லாரா மட்டும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாள், அவர்களுக்கும் புரிந்துவிடும். அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

பழைய சிவன் சிலையை நீக்கவில்லை. 2024 பதிப்பு தொடங்கும்போது, இதில் மற்ற இனங்களையும் பண்பாடுகளையும் தவறாகக் காட்டும் பகுதிகள் உண்டு, அவை அன்றும் தவறு, இன்றும் தவறு என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு வரும். வெட்டி எறியாமல் சொல்லிவிட்டு வைத்திருப்பதே மேல் என்பது என் எண்ணம். மகனோடு பக்கத்தில் உட்கார்ந்து சிவன் யாரென்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இன்னொரு தாய்: பத்து வயசுப் பையனுக்கு 2013-இன் டூம் ரைடர் வாங்கித் தரலாமா?

வேண்டாம், அக்கா. 2013, 2015, 2018 மூன்றுமே ஐரோப்பாவில் பதினெட்டு வயதுக்கு மேல் என்று முத்திரை பெற்றவை. 2013-இல் ஆற்று வெள்ளத்தில் தவறினால் லாராவின் கழுத்தில் கம்பி பாய்வதைக் கிட்டத்தில் காட்டுவார்கள். அவனுக்குப் பழைய மூன்று பாகங்கள் போதும், அதையும் நீங்கள் பக்கத்தில் இருந்து.

லோரி ஓட்டுநர்: 2013-க்கு அப்புறம் எதற்கு இத்தனை துப்பாக்கிச் சூடு? கல்லறையைத் தேடிப் போகிறவளா, படையை அழிக்கப் போகிறவளா?

அதே கேள்விதான் எனக்கும். 2013-இல் லாராவை மறுபடி இருபத்தொரு வயதுப் பெண்ணாக்கினார்கள். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறாள். முதல் கொலையைச் செய்துவிட்டு நடுங்குகிறாள், உண்மையிலேயே நல்ல காட்சி. அடுத்த சில நிமிஷத்தில் தலையில் குறிபார்த்துச் சுட்டால் கூடுதல் புள்ளி தருகிறது ஆட்டம். கதை ஒரு பக்கம் இழுக்கிறது, கை வேலை மறுபக்கம் இழுக்கிறது.

அந்தக் காலத்தில் பெரிய ஆட்டம் என்றால் அப்படித்தான்: அனுபவப் புள்ளி, அதைக் கொடுத்துத் திறமைகளை ஒவ்வொன்றாகத் திறக்கிற 'திறமை மரம்', ஆயுதத்தை மேம்படுத்துவது, முகாமில் உட்கார்வது. தொடரின் பெயரிலேயே கல்லறை இருந்தும், 2013-இல் கல்லறைகள் விருப்பமானால் போகலாம் என்ற அளவுக்கு ஓரமாய்ப் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புதிர், சீக்கிரம் முடிந்துவிடும். ரசிகர்கள் முணுமுணுத்ததன் பலன் 2015-இன் 'ரைஸ்' பாகத்தில் தெரிந்தது, கல்லறைகள் பெரிதாயின. 'ஷேடோ'வில் சண்டையும் குறைந்தது.

இன்னொன்றும் போய்விட்டது: மௌனம். முதல் பாகத்தில் காலடி ஓசையும் தண்ணீர்ச் சத்தமும்தான். எப்போதாவது இசை வரும்போது உடம்பு சிலிர்க்கும். 2006-இன் 'லெஜண்ட்' பாகத்திலிருந்து காதில் மாட்டிய கருவியில் இரண்டு பேர் பேசிக்கொண்டே வருகிறார்கள். வேடிக்கையான ஆட்கள்தான், ஆனாலும் கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று தோன்றும்.

ஐந்தாம் படிவ மாணவி: ஏறக்கூடிய இடத்திலெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்களே, அங்கிள், அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

'ஷேடோ'வில் சண்டை, தேடல், புதிர் மூன்றுக்கும் தனித்தனியாகக் கடினம் வைக்கலாம், மகளே. தேடலை மட்டும் கடினத்துக்கு மாற்று. பெயிண்ட் மறைந்துவிடும், பாறையை நீயே படிக்க வேண்டியதுதான். சண்டையை லேசாக வைத்துக்கொள். நானும் அப்படித்தான் ஆடுகிறேன். பழைய ஆட்டத்தின் ருசி கொஞ்சம் திரும்ப வருவது அதில்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: லாராவின் வீட்டு வேலைக்காரக் கிழவரைக் குளிர்பதன அறையில் பூட்டியது நான் மட்டும்தானா?

இல்லை. உலகமே பூட்டியது.

ஜாலோங்கிலிருந்து ஒரு தம்பி: எனக்குச் சொந்தமாக ஒரு டூம் ரைடர் லெவல் உருவாக்க ஆசை. எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் பால் ஸ்டோரையும் புகைவீட்டையும் லாரா ஏறி இறங்குகிற மாதிரி. நடக்குமா?

நடக்கும். 2000-இல் 'குரோனிக்கிள்ஸ்' கம்ப்யூட்டர் பதிப்போடு, லெவல்களை உருவாக்கும் கருவியையே கோர் டிசைன் கொடுத்துவிட்டது. அதை வைத்து ரசிகர்கள் செய்து பகிர்ந்த ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இப்போது ரசிகர்களே எழுதிய டூம் எடிட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் தொடங்கு. பழைய லேப்டாப் போதும்.

முதலில் புகைவீடு வேண்டாம், உயரம் அதிகம், கேமரா சுவருக்குள் மாட்டும். ஸ்டோரை எடுத்துக்கொள். போய் அளவெடு. ஒரு கட்டம் என்பது லாராவின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டு தாளில் சதுரம் சதுரமாக வரை. ஒரு கதவு, ஒரு விசை, ஒரு சாவி, மூன்று கட்டக் குதி ஒன்று. அவ்வளவுதான் முதல் வேலை. புலி, பாம்பு எல்லாம் அப்புறம் விடலாம். அந்தக் குதியை நீயே முதலில் தாண்டிப் பார்த்துவிட்டு, ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுவா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை அடைப்பு.