நூல் பாக்கித் தகராறு: ஸ்டேஷனில் இருந்து போன் வந்தால் போகணுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறேன். நூல் பாக்கி விஷயத்தில் வியாபாரி என் மேல் ஏமாற்றுப் புகார் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி போன் வருகிறது. 65 வயது அப்பாவையும் கூட்டிவரச் சொல்கிறார்கள். கைது செய்வார்களா?

பதில்:

அவினாசியில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கிறேனுங்க. நூல் பாக்கி, கூலி பாக்கி என்று இந்த மாதிரி ஆட்கள் எங்களிடம் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

முதலில் உங்கள் மேல் இருப்பது வெறும் மனுவா, எஃப்.ஐ.ஆரா என்று கேளுங்கள். மனு மட்டும் என்றால் சி.எஸ்.ஆர். (மனுவைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) எண் இருக்கும், வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதன் நகல் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரியானவைதான் விலக்கு.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. ஏமாற்று வழக்குக்கு அதிகபட்சம் 7 வருடம்தான் தண்டனை. அப்படிப்பட்ட வழக்கில் எடுத்தவுடன் கைது செய்யக்கூடாது. தேவையில்லை என்றால் 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது அந்த நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பும் வந்திருக்கிறது. ஆனால் முறையான நோட்டீஸ் வந்தபிறகு போகாமல் இருந்தீர்களென்றால், அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம். போனில் கூப்பிட்டால் முறைத்துக்கொள்ளாமல், "வர்றேனுங்க சார், நோட்டீஸ் கொடுத்துடுங்க" என்று சொன்னால் போதும்.

அப்பா விஷயம் வேறு. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், 60 வயது தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் (பிரிவு 179).

நம்ம ஊரில் கைதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது, "சரி, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்ற வார்த்தைதான். சோமனூரில் இருந்து ஒரு தறிக்காரர் வந்தார். வாங்கிய நூல் மட்டம், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்து அறுந்து போய்விட்டது, அதனால் பாதிப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார். ராத்திரி வரைக்கும் ரைட்டர் மேஜை பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்து, "முழுத் தொகையும் வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடறேன்னு எழுதுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றிருக்கிறார்கள். மனுஷனும் எழுதிவிட்டார். அப்புறம் சிவில் கோர்ட்டில் எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் நீட்டியது. மட்ட நூலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. கொடுக்கல் வாங்கலை முடித்துவைப்பது போலீஸ் வேலையே அல்ல. "வக்கீலைக் கேட்டுத்தான் எழுதுவேனுங்க" என்று எழுந்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் ஒருநாளும் போடாதீர்கள். புலன்விசாரணையில் நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், அதில் கையெழுத்துக் கேட்கச் சட்டத்திலேயே இடமில்லை. உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் அரசியலமைப்பு 20(3) இருக்கிறது.

மீறிக் கைது செய்தால், காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பில் வீட்டு ஆளோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் போகவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், ஆனால் முழு நேரமும் பக்கத்தில் உட்காரவைக்க முடியாது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்கு வீட்டில் இருந்து யாராவது கூப்பிட்டால் போதும்.

எஃப்.ஐ.ஆர். விழுந்து கைது வரும் என்று தெரிந்தால் முன்ஜாமீனுக்குத் திருப்பூர் மாவட்ட நீதிமன்றம், இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றம். கரூர்க்காரர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு மதுரைக் கிளை.

நோட்டீஸுக்குப் போகும்போது பில், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். நூல் மட்டம் என்று வியாபாரிக்கு அனுப்பிய மெசேஜ் இருந்தால் அதையும் பிரிண்ட் எடுங்கள். ஒரிஜினலைக் கேட்டால், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.